வி.ஆர். கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும். "இதில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் என்ன?" என்பதுதான் அது. வி.ஆர். எனப்படும் விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட்டை ஒரே ஒரு முறை தலையில் மாட்டிப் பார்த்துவிட்டால் அந்த ஆசையை அடக்கவே முடியாது. எனக்கும் அப்படித்தான் வந்தது. கையில் இருந்தது இருபதாயிரம் ரூபாய். போய் ஒரு கார்டு வாங்கி வந்து மாட்டினேன். மூன்றாவது நாள் இரவு கேபினட்டின் பின்புறம் இருந்து புகை வந்தது.

இத்தனைக்கும் நான் சாப்ட்வேர் எஞ்சினியர். கல்லூரியில் படித்தது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். வீட்டில் அந்தப் பெருக்கலைச் செய்யவில்லை, அவ்வளவுதான். நீங்களும் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஹெட்செட் வந்த கதை

2024-ஆம் ஆண்டு துபாயில் இருந்து விடுமுறைக்கு வந்த அத்தான், தான் புதிய ஹெட்செட் வாங்கிவிட்டதாகச் சொல்லி, பழைய குவெஸ்ட் 2-ஐ என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2020 அக்டோபரில் வெளிவந்த இந்த ஹெட்செட்டின் உள்ளேயே ஸ்நாப்டிராகன் எக்ஸ்.ஆர்.2 என்ற சிப் இருக்கிறது. எனவே கம்ப்யூட்டர் இல்லாமலும் சிறிய கேம்களை விளையாடலாம். ஆனால் வால்வ் நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' போன்ற பெரிய கேம்களை விளையாட வேண்டும் என்றால் யு.எஸ்.பி. கேபிள் மூலமோ வை-பை மூலமோ கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நான் கல்லூரியில் படித்தபோது 2018-ல் அசெம்பிள் செய்து வாங்கியது. கோர் ஐ5 8400 பிராசசர், 8 ஜி.பி. ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான். கேபினட்டுடன் சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ். அதன் மேல் பெரிய எழுத்தில் '500 வாட்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர்.

இது எனக்கு மட்டும் சொந்தமான கம்ப்யூட்டர் இல்லை. கல்லூரியில் கடைசி வருடம் படித்த தங்கை அதில்தான் பிராஜக்ட் செய்து கொண்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

வி.ஆர்.க்கு ஏன் இவ்வளவு சக்தி?

சாதாரண மானிட்டரையும் ஹெட்செட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். புல் எச்.டி. மானிட்டரில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. குவெஸ்ட் 2-ல் ஒரு கண்ணுக்கு 1832 x 1920. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 70.3 லட்சம் புள்ளிகள். இது மானிட்டரைப் போல 3.4 மடங்கு.

அத்துடன் முடியவில்லை. மானிட்டரில் விநாடிக்கு 60 படங்கள், அதாவது 60 பிரேம்கள் வந்தால் நமக்குத் திருப்தி. ஹெட்செட்டில் 72, 80, 90 என்று தேவைப்படும். 90 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி விநாடி. 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9 மில்லி விநாடி. இந்த நேரத்திற்குள் படம் தயாராகவில்லை என்றால் பழைய படமே மீண்டும் கண்முன் நிற்கும்.

மானிட்டரில் இப்படி நடந்தால் படம் கொஞ்சம் திக்கும். பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டோம். ஹெட்செட்டில் அப்படி இல்லை. தலையைத் திருப்பியதை நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்லிவிடும். கண் மட்டும் "இன்னும் திரும்பவில்லை" என்று சொல்லும். இரண்டும் முரண்பட்டால் தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். எனவே வி.ஆர்.ஐப் பொறுத்தவரை படத்தின் அழகு இரண்டாம் பட்சம். ஒரு பிரேம் கூடத் தவறாமல் வருவதுதான் முதல் தேவை. குறைந்த செலவில் கார்டு தேடுபவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. அழகைக் குறைத்துக் கொண்டால் சிறிய கார்டிலும் சீராக ஓட வைக்க முடியும்.

2016 மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் விற்பனைக்கு வந்தபோது ஜி.டி.எக்ஸ். 970 கார்டாவது வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜி.டி.எக்ஸ். 960 போதும் என்று இறக்கினார்கள். காரணம், கார்டு விநாடிக்கு 45 படங்களை மட்டும் வரைந்தாலும் இடையில் ஒவ்வொரு படத்தைக் கணித்துச் சேர்த்துக் கொள்ளும் ஸ்பேஸ்வார்ப் என்ற தொழில்நுட்பம். இது இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் வேகமாக அசையும் பொருட்களின் ஓரங்கள் நெளிவது தெரியும். அவசரத்துக்கு உதவும் ஸ்டெப்னி டயர் போலத்தான் அது.

நான் செய்த தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, பழைய ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி. கார்டு ஒன்றை ரூ.6,500-க்கு வாங்கினேன். 2017-ல் வந்த இந்தக் கார்டு நல்ல கார்டுதான். ஆனால் 185 வாட்ஸ் மின்சாரம் கேட்கும். கார்டில் 8-பின் பவர் கனெக்டர் இருந்தது, என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதற்கான கேபிளே இல்லை. கடைக்காரர், "கன்வெர்ட்டர் இருக்கு சார், போட்டுக்கலாம்" என்று ரூ.150-க்கு ஒரு கேபிள் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு பழைய நான்கு-பின் கனெக்டர்களை இணைத்து 8-பின் ஆக்கும் கேபிள் அது. வாங்கிக் கொண்டேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கான கேபிள் இல்லை என்றால், அவ்வளவு பெரிய கார்டை அது தாங்காது என்றே பொருள். கன்வெர்ட்டர் போடுவதால் அதன் சக்தி கூடிவிடாது.

முதல் நாள் கேம் ஓடியது. எனக்கோ தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். 'அலிக்ஸ்' கேமின் தொடக்கத்தில் ஒரு பால்கனியில் நின்று நகரத்தைப் பார்க்கும் காட்சி வரும். அவருக்கு அசத்தலாகக் காட்ட வேண்டும் என்று 90 ஹெர்ட்ஸ், உயர்ந்த ரெசல்யூஷன் என எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன். அந்த கேமுக்குக் குறைந்தது 12 ஜி.பி. ராம் வேண்டும் என்று ஸ்டீம் தளத்திலேயே போட்டிருக்கிறது. என்னிடம் இருந்தது 8 ஜி.பி. அப்பா தலையைத் திருப்பும் போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று நின்று வந்தது. இரண்டு நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். சட்டை முழுக்க வியர்வை.

"தலை சுத்துதுடா. இதுக்கு நான் பொருட்காட்சில ராட்டினத்துலயே ஏறியிருப்பேன்" என்றார். அம்மா எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டு வந்தார். என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மூன்றாம் நாள் இரவு நான் விளையாடிக் கொண்டிருந்தபோது ஹெட்செட்டில் படம் மறைந்தது. பிளாஸ்டிக் எரியும் வாசனை. கழற்றிப் பார்த்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து புகை. ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். தங்கை அறை வாசலில் நின்று கொண்டிருந்தாள்.

"அண்ணா, என் பிராஜக்ட் அதுலதானே இருக்கு?"

சமர்ப்பிக்க எட்டு நாட்கள் இருந்தன. பேக்கப் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நண்பன் வீட்டுக்குக் கொண்டு போய் அவன் கம்ப்யூட்டரில் இணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் பெயர் திரையில் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. எல்லா பைல்களும் பத்திரமாக இருந்தன. போனது எஸ்.எம்.பி.எஸ். மட்டும். மதர்போர்டும் கார்டும் தப்பின. இது என் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் இப்படி அமையாது. எனவே கேபினட்டின் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் முக்கியமான பைல்கள் அனைத்தையும் பென் டிரைவிலோ இன்னொரு டிஸ்க்கிலோ நகல் எடுத்து விடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படிப்பது எப்படி?

எரிந்து போன எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் எடுத்து அதன் பக்கவாட்டு லேபிளை அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன். அதில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும்.

என்னுடையதில் 12 வோல்ட்டுக்கு எதிரே 16 ஆம்பியர் என்று இருந்தது. 12 x 16 = 192 வாட்ஸ். மேலே ஒட்டியிருந்த 500 வாட்ஸ் எங்கே, இது எங்கே! கார்டு 185, பிராசசர் 65 என்று வைத்தாலே 250 வாட்ஸ் ஆகிறது. மூன்று நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள்:

1. கார்டின் வாட்ஸ் அளவை அதன் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள்.
2. அதனுடன் பிராசசரின் வாட்ஸ் அளவைக் கூட்டுங்கள்.
3. மதர்போர்டு, ராம், டிஸ்க், பேன் ஆகியவற்றுக்கு 40 வாட்ஸ் சேர்த்துக் கொள்ளுங்கள்.
4. வரும் தொகையைப் போல ஒன்றரை மடங்காவது 12 வோல்ட்டில் தரக்கூடிய எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாகவும், '80 பிளஸ்' சான்று பெற்றதாகவும், கார்டுக்கான 6+2 பின் கேபிள் அதிலேயே வருவதாகவும் இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். நான் ரூ.3,900 கொடுத்து 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று புதிதாக வாங்கினேன். அதில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட்ஸ் கிடைக்கும்.

இன்னொரு தகவல். மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட்ஸ் வரை தரும். 6-பின் கேபிள் 75, 8-பின் கேபிள் 150. ஒரு கார்டின் கனெக்டரைப் பார்த்தே அதன் பசி எவ்வளவு என்று ஓரளவு கணித்து விடலாம். ஆனால் பிராசசருக்குப் போகும் 8-பின் கேபிள் வேறு, கார்டுக்குப் போகும் 8-பின் கேபிள் வேறு. ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் சொருகாதீர்கள்.

யு.பி.எஸ்.ஐ மறந்து விடாதீர்கள்

மின்வெட்டு உள்ள ஊர்களில் பல வீடுகளில் 600 வி.ஏ. யு.பி.எஸ். இருக்கும். 600 என்றதும் 600 வாட்ஸ் என்று நினைத்து விடாதீர்கள். என் யு.பி.எஸ். தரக்கூடியது 360 வாட்ஸ்தான் என்று அதன் அடியிலேயே எழுதியிருந்தது.

ஆர்.எக்ஸ். 580-ஐ வைத்துக் கணக்கிட்டேன். 185 + 65 + 40 = 290 வாட்ஸ். எஸ்.எம்.பி.எஸ். இதைத் தருவதற்குச் சுவரில் இருந்து சுமார் 340 வாட்ஸ் எடுக்கும். மானிட்டருக்கு 25. மொத்தம் 365. யு.பி.எஸ். தாங்காது. மின்சாரம் போனால் எல்லாம் சட்டென்று அணைந்துவிடும். இதற்காகப் பெரிய யு.பி.எஸ். வாங்குவதா, சிறிய பசியுள்ள கார்டு வாங்குவதா? இரண்டாவதே மலிவு. ஆர்.எக்ஸ். 580-ஐ, நடந்ததை எல்லாம் சொல்லியே, சரியான எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்த ஒரு நண்பனுக்கு ரூ.5,000-க்குக் கொடுத்துவிட்டேன்.

எந்தக் கார்டு வாங்கலாம்?

நான் அடுத்து வாங்கியது ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர். 2019 அக்டோபரில் வந்தது, 6 ஜி.பி. மெமரி, 125 வாட்ஸ். பழையதாக ரூ.8,500-க்குக் கிடைத்தது. இதை வைத்துக் கணக்குப் போட்டால் மானிட்டரையும் சேர்த்து 300 வாட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. யு.பி.எஸ். முனகவில்லை.

இன்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை:

ஜி.டி.எக்ஸ். 1060, 1070, 1080: ஒரு காலத்தில் வி.ஆர்.க்கு இவையே ராஜா. ஆனால் இந்த வரிசைக்கு கேம்களுக்கான புதிய டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். மிக மலிவாகக் கிடைத்தால் ஒழிய வேண்டாம்.

ஜி.டி.எக்ஸ். 1650: 75 வாட்ஸ்தான், பல மாடல்களுக்குத் தனி கேபிள் கூட வேண்டாம். ஆனால் மெமரி 4 ஜி.பி. மட்டுமே. 'அலிக்ஸ்' கேமே 6 ஜி.பி. கேட்கிறது. சாதாரண கேம்களுக்கு சரி, வி.ஆர்.க்குப் போதாது.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.: புதிதாகவே மலிவாகக் கிடைத்ததால் பலர் ஏமாந்த கார்டு இது. குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டுகளுக்கு கம்ப்யூட்டர் படத்தை நேரடியாக அனுப்புவதில்லை. வீடியோவாகச் சுருக்கித்தான் யு.எஸ்.பி. வழியாகவோ வை-பை வழியாகவோ அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் வேலையைச் செய்யும் வீடியோ என்கோடர் இந்தக் கார்டில் இல்லவே இல்லை. எனவே குவெஸ்ட் வைத்திருப்பவர்கள் இதைத் தொடாதீர்கள்.

ஆர்.டி.எக்ஸ். 2060 (160 வாட்ஸ், 6 ஜி.பி.), ஆர்.எக்ஸ். 6600 (132 வாட்ஸ், 8 ஜி.பி.), ஆர்.டி.எக்ஸ். 3060 (170 வாட்ஸ், 12 ஜி.பி.): குறைந்த பட்ஜெட்டில் தேட வேண்டியவை இவையே. மெமரி அதிகம் உள்ள 3060 நீண்ட நாள் உழைக்கும். மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும் என்றால் 6600.

ஹெட்செட்டையும் பழையதாக வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' என்ற வகை ஹெட்செட்டுகள் மிக மலிவாக விற்கப்படும். இந்த வசதியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் நீக்கியே விட்டது. புதியவர்கள் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பழைய கார்டு வாங்கும் போது

2022 செப்டம்பர் 15 வரை எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டித்தான் 'மைனிங்' செய்தார்கள். அன்று அந்த முறை மாறியதும் ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டி 20 நிமிடம் ஒரு கேமையோ சோதனை சாப்ட்வேரையோ ஓட்டச் சொல்லுங்கள். பேன் ஒரே சீராகச் சுற்றுகிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். ஜி.பி.யு.-இஸட் என்ற இலவச சாப்ட்வேரில் கார்டின் உண்மையான சிப் என்ன என்று தெரியும். பழைய சிப்பின் பெயரை மாற்றி விற்கும் போலிக் கார்டுகள் பலவற்றை அது காட்டிக் கொடுக்கும். ஆர்.எக்ஸ். 580 வாங்கினால் ஷேடர் எண்ணிக்கை 2304 என்று இருக்க வேண்டும். 2048 என்று இருந்தால் அது அதே பெயரில் வந்த குறைந்த ரகம். சீரியல் எண் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் வாரண்டி மீதம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து, கேபினட்டின் பின்புறத் தகட்டில் இருந்து முன்புறம் வரை எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்து எழுதிக் கொள்ளுங்கள். கார்டு உள்ளே நுழையவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் மரியாதை இருக்காது.

கார்டை மாட்டும் முறை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வெளியேறும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். மதர்போர்டில் பிராசசருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில் கார்டை நேராக வைத்து, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூவை முடுக்குங்கள். பவர் கேபிளைச் சொருகுங்கள். இவ்வளவுதான்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இதற்குப் பிறகுதான். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருந்த பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை" என்பார்கள். கேபிளைக் கழற்றி கார்டில் உள்ள போர்ட்டில் சொருகுங்கள். பிறகு டிரைவரை என்விடியா அல்லது ஏ.எம்.டி. தளத்தில் இருந்தே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' எதையும் நம்பாதீர்கள்.

செட்டிங்ஸில் இருக்கிறது சூட்சுமம்

கார்டை மாட்டியதும் எல்லாவற்றையும் உச்சத்தில் வைக்காதீர்கள். என் அப்பாவுக்கு நான் செய்த கொடுமை அதுதான். மெட்டாவின் பி.சி. சாப்ட்வேரில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து ரெப்ரெஷ் ரேட்டை 72 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ரெண்டர் ரெசல்யூஷனையும் குறைத்து வையுங்கள். கேமுக்குள் கிராபிக்ஸ் அளவை 'லோ'வில் தொடங்குங்கள். பத்து நிமிடம் ஒரு திக்கல் கூட இல்லாமல் ஓடினால் ஒரு படி ஏற்றுங்கள். திக்கினால் ஒரு படி இறங்குங்கள்.

ஸ்டீம் வி.ஆர். சாப்ட்வேரில் பிரேம் டைமிங் வரைபடம் இருக்கிறது. 72 ஹெர்ட்ஸில் அந்தக் கோடு 13.9 மில்லி விநாடிக்குக் கீழேயே இருக்க வேண்டும். ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தும் கோடு இறங்கவில்லை என்றால் குற்றவாளி கார்டு இல்லை, பிராசசரோ ராமோதான். அப்போது இன்னும் பெரிய கார்டு வாங்கினாலும் பயன் இருக்காது. என் விஷயத்தில் ராம்தான் குற்றவாளி. இன்னொரு 8 ஜி.பி. ராம் வாங்கிப் போட்டதும் அந்த நின்று நின்று வரும் தொல்லை ஒழிந்தது.

கேபிள் இல்லாமல் விளையாட விரும்பினால், கம்ப்யூட்டரை ரவுட்டருடன் லேன் கேபிளில் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வை-பையில் இணையுங்கள். வால்வ் நிறுவனம் 2023 இறுதியில் குவெஸ்ட்டுக்கு வெளியிட்ட ஸ்டீம் லிங்க் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது.

செலவுக் கணக்கு

எஸ்.எம்.பி.எஸ். ரூ.3,900
ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் (பழையது) ரூ.8,500
8 ஜி.பி. ராம் ரூ.1,700
5 மீட்டர் யு.எஸ்.பி. 3 கேபிள் ரூ.1,400
மொத்தம் ரூ.15,500

இதனுடன் முதல் கார்டிலும் கன்வெர்ட்டரிலும் போன நஷ்டம் ரூ.1,650-ஐச் சேர்த்தால் ரூ.17,150. இவை 2024-ல் நான் கொடுத்த விலைகள். 2025 இறுதியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எனவே வாங்கும் நாளில் விசாரித்துக் கொள்ளுங்கள். ஆனால் வரிசை மாறாது. முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அடுத்து ராம், கடைசியில் மிச்சப் பணத்துக்கு ஏற்ற கார்டு. நான் தலைகீழாகச் செய்தேன்.

தங்கை பிராஜக்ட்டைக் குறித்த நாளில் சமர்ப்பித்துவிட்டாள். அந்த எட்டு நாளும் என் ஆபீஸ் லேப்டாப் பக்கமே அவள் வரவில்லை. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே முடித்தாள். இப்போது வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேக்கப் எடுப்பது அவள்தான்.

அப்பா மறுபடி ஹெட்செட் பக்கம் வர இரண்டு மாதம் ஆனது. இந்த முறை வால்வ் நிறுவனத்தின் 'தி லேப்' என்ற இலவச கேமைப் போட்டேன். அதில் ஒரு மலை உச்சி வரும். கூடவே ஒரு குட்டி ரோபோ நாய். குச்சியை வீசினால் ஓடிப்போய் எடுத்து வரும். 72 ஹெர்ட்ஸ், குறைந்த ரெசல்யூஷன், ஒரு திக்கல் இல்லை. கால் மணி நேரம் அந்த நாய்க்குக் குச்சி வீசிக் கொண்டே இருந்தார். கழற்றியதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்க்கவில்லை.

"அந்த நாய்க்கு என்னடா பேரு?" என்றார். அம்மாவும் அடுத்து தனக்கு மாட்டிவிடச் சொன்னார்.

நண்பர்களே, இன்று இரவே உங்கள் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக் கொண்டு அதன் பிறகு கடைக்குப் போங்கள்.